வீட்டில் செய்யும் சாலட் சப்பென்று இருக்கிறதே, என்ன செய்தால் ருசி வரும்?

ஹோட்டலில் சாப்பிட்டால் பிடிக்கிறது, அதே காய்களை வாங்கி வந்து நறுக்கி எலுமிச்சம்பழம் பிழிந்தால் வாயில் ஒன்றுமே தெரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் ரொம்ப நாள் இதே பிரச்சினை இருந்தது. காலையில் வெள்ளரிக்காய், தக்காளி, கேரட், வெங்காயம் எல்லாம் நறுக்கி, உப்பும் மிளகுத்தூளும் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து டிபன் பாக்ஸில் ஆபீசுக்கு எடுத்துப் போவேன். மதியம் திறந்தால் காய் துவண்டு கிடக்கும், ருசியும் இருக்காது. இன்னும் கொஞ்சம் உப்பு, இன்னும் அரை மூடி எலுமிச்சை என்று கூட்டிக்கொண்டே போனேன். ஒன்றும் மாறவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் செய்து மீந்துபோன சாலட் கிண்ணத்தை அம்மா எடுத்தார். காயை உள்ளங்கையால் தடுத்துப் பிடித்துக்கொண்டு, அடியில் தேங்கியிருந்த தண்ணீரை ஒரு எவர்சில்வர் டம்ளரில் சாய்த்தார். கால் டம்ளருக்கு மேல் வந்தது. "குடிச்சுப் பாரு" என்றார். உப்பு, புளிப்பு, மிளகுக் காரம் அத்தனையும் அதில் இருந்தது. "நீ போட்டதெல்லாம் இதுல இருக்கு. வெறும் காயைத் தின்னா எப்படிம்மா ருசிக்கும்?"

அதனால் என்னுடைய பதில் இதுதான்: டிரெஸ்ஸிங்கை, அதாவது காய்மேல் ஊற்றும் எண்ணெய், புளிப்புக் கலவையை, மாற்றுவதற்கு முன்னால் தண்ணீரைக் கவனியுங்கள். வெள்ளரிக்காயில் சுமார் 95 சதவீதம் தண்ணீர். உப்பு பட்டதும் அது வெளியே வரத்தான் செய்யும். அப்படி வரும்போது நீங்கள் ஊற்றிய சாற்றையும் எண்ணெயையும் கழுவிக்கொண்டு அடியில் போய்ச் சேர்ந்துவிடும். எனவே அந்தத் தண்ணீரை முதலிலேயே வரவழைத்துவிட வேண்டும். இரண்டு நடுத்தர வெள்ளரிக்காயை வில்லைகளாக நறுக்கி, அரை டீஸ்பூன் உப்பு பிசிறி, வடிதட்டில் போட்டு 20 நிமிடம் விடுங்கள். பிறகு கையில் அள்ளி மெதுவாக ஒரு பிழி. ரொம்ப அழுத்தினால் நார் நாராகிவிடும். காயிலேயே உப்பு ஏறியிருக்கும், ஆகவே டிரெஸ்ஸிங்கில் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். வடிந்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம், மோரில் விட்டுக் குடித்தால் அருமையாக இருக்கும். முட்டைக்கோஸையும் இப்படியே உப்புப் போட்டுப் பிசைந்து பிழியலாம். லெட்யூஸ், கீரை மாதிரி இலைகளுக்கு உப்பு வேண்டாம். கழுவிய ஈரம் போகத் துண்டில் சுருட்டித் துடைத்தால் போதும். ஈர இலையில் எண்ணெய் ஒட்டாது.

தக்காளி மட்டும் இதற்கு விதிவிலக்கு. விதையைச் சுற்றியுள்ள கொழகொழப்பான பகுதியில்தான் அதன் ருசி அதிகம். தண்ணீர் விடுகிறதே என்று அதை வழித்துப் போட்டுவிடாதீர்கள். நறுக்கி ஒரு சிட்டிகை உப்புத் தூவிப் பத்து நிமிடம் வைத்து, வடிகிற சாற்றை டிரெஸ்ஸிங்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, டிரெஸ்ஸிங்குக்கு வருவோம். மூன்று பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு புளிப்பு என்பது பிரெஞ்சு சமையல் கணக்கு. நம் நாக்குக்கு இரண்டுக்கு ஒன்று சரியாக இருக்கும் என்பது என் அனுபவம். ஆலிவ் எண்ணெய் இல்லாவிட்டால் பரவாயில்லை. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ தனி வாசனையைக் கொண்டு வந்து சேர்க்கும். இதில் முக்கியமான விஷயம், எலுமிச்சைச் சாற்றில் முதலில் உப்பைப் போட்டுக் கரைத்துவிட்டு அப்புறம்தான் எண்ணெயை ஊற்ற வேண்டும். உப்பு எண்ணெயில் கரையாது. இரண்டையும் ஒன்றாக ஊற்றிக் கலக்கினால் ஒரு வாய் கரிக்கும், அடுத்த வாய் சப்பென்று இருக்கும்.

எண்ணெயும் சாறும் பிரியாமல் இருக்கக் கடுகு வேண்டும். கடையில் விற்கும் கடுகு பேஸ்ட் தேவையே இல்லை. அரை டீஸ்பூன் கடுகைப் பொடித்து, ஒரு ஸ்பூன் பச்சைத் தண்ணீரில் குழைத்துப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். திறந்ததும் மூக்கில் சுர்ரென்று ஏறும். கடுகு உடைந்து ஈரம் பட்டதும் அதிலுள்ள நொதி வேலை செய்து அந்தக் காரத்தை உண்டாக்குகிறது. கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் நொதி செத்துப்போய்க் கசப்புதான் மிஞ்சும். எலுமிச்சைச் சாற்றை உடனே விட்டாலும் காரம் முழுதாக எழும்பாது, அதனால் பத்து நிமிடம் கழித்தே விடுங்கள். ஒரு துளி வெல்லம் சேர்த்தால் கசப்பு அடங்கும். பிறகு எண்ணெய் ஊற்றி, பழைய ஜாம் பாட்டிலில் போட்டு மூடிக் குலுக்குங்கள். பச்சைக் கடுகு அரைத்துவிட்ட தயிர்ப் பச்சடி சாப்பிட்டிருந்தால் இந்த மணம் உங்களுக்குப் புதிதாக இருக்காது.

ருசி பார்க்கும்போது ஸ்பூனில் எடுத்து நக்கிப் பார்க்காதீர்கள். ஒரு துண்டு வெள்ளரிக்காயைத் தொட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். தனியாகச் சுவைத்தால் கொஞ்சம் தூக்கலாகத் தெரிகிற டிரெஸ்ஸிங்தான் காயோடு சேரும்போது அளவாக இருக்கும்.

எங்கள் வீட்டில் அதிகம் ஓடுவது புளி டிரெஸ்ஸிங். நெல்லிக்காய் அளவு புளியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து, அதில் உப்பு, கொஞ்சம் கருப்பட்டி, வறுத்துப் பொடித்த சீரகம், இடித்த காய்ந்த மிளகாய், இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெய். வேகவைத்த சர்க்கரைவள்ளி, பீட்ரூட், கொண்டைக்கடலை இவற்றுக்கு எலுமிச்சையைவிட இதுதான் பொருத்தம்.

தண்ணீரைச் சமாளிக்க இன்னொரு வழியும் உண்டு, அது கோசுமல்லி வழி. ராமநவமிக்கு நீர்மோர், பானகத்தோடு செய்வோமே, அதேதான். பாசிப்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்துத் தண்ணீரைச் சுத்தமாக வடித்து, பொடியாக நறுக்கிய வெள்ளரிக்காய், தேங்காய்த் துருவல், பச்சை மிளகாய், கொத்தமல்லி சேர்த்து, கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்ட வேண்டும். உப்பும் எலுமிச்சையும் மட்டும் இலையில் பரிமாறப் போகிற நிமிடத்தில்தான். அம்மா இதில் கண்டிப்பு. பந்தி உட்கார்ந்த பிறகுதான் உப்பு டப்பாவையே திறப்பார். வெள்ளரிக்காய் கறுக் கறுக்கென்று இருக்கும்போதே வாய்க்குப் போய்விடும். கொஞ்சநஞ்சம் விடுகிற தண்ணீரைத் தேங்காய்த் துருவல் பிடித்துக்கொள்ளும். தாளிப்பின் சூடான எண்ணெயில் பெருங்காயம் பொரிவதால், வெங்காயமும் பூண்டும் போடாமலே அந்த மணம் வந்துவிடும். யாழ்ப்பாணத்து வல்லாரைச் சம்பலிலும் கீரையை நூல் நூலாக அரிந்து தேங்காய்ப்பூவோடு பிசைகிறார்கள். மராட்டியர்கள் கோஷிம்பீர் என்ற வெள்ளரிக்காய் சாலட்டில் வறுத்த வேர்க்கடலைப் பொடி போடுகிறார்கள். எனக்கு இந்தக் கடலைப் பொடி யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. பொடி சாற்றை உறிஞ்சிக்கொண்டு காயோடு ஒட்டிக்கொள்வதால், டிரெஸ்ஸிங் எங்கும் ஓடிப்போவதில்லை.

புளிப்பைச் சாறாகத்தான் ஊற்ற வேண்டும் என்றும் இல்லை. மெரினா கடற்கரையில் விற்கும் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டலை நினைத்துப் பாருங்கள். மாங்காய்த் துண்டு பல்லில் அகப்படும்போது ஒரு புளிப்பு, அடுத்த கடியில் பட்டாணியின் மாவு ருசி. மாங்காய் கிடைக்காத மாதங்களில் நான் பெரிய நெல்லிக்காயைத் துருவிப் போடுகிறேன்.

பச்சை வெங்காயம் நாள் முழுக்க வாயில் நாறுகிறது என்றால், நறுக்கிய வெங்காயத்தைக் குளிர்ந்த தண்ணீரில் அலசி எலுமிச்சைச் சாற்றில் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். மயோனைஸ் வாங்க வேண்டாம் என்று நினைத்தால், தயிரைத் துணியில் கட்டி இரண்டு மணி நேரம் தொங்கவிட்டு, அதில் பூண்டும் மிளகும் தட்டிப் போட்டு அடித்துக்கொள்ளலாம். பிரிட்ஜிலிருந்து எடுத்தவுடனே சாப்பிடாமல் ஒரு கால் மணி நேரம் வெளியே வையுங்கள். ஜில்லென்று இருந்தால் நாக்குக்கு ருசி சரியாகத் தெரியாது.

ஆபீசுக்குக் கொண்டுபோவதாக இருந்தால் பிழிந்த காய் ஒரு டப்பாவில், டிரெஸ்ஸிங் ஒரு குட்டி பாட்டிலில். கூடவே பொரித்த மோர் மிளகாய் இரண்டைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிடும்போது மேலே நொறுக்கிப் போட்டால் உப்பு, காரம், மொறுமொறுப்பு மூன்றும் சேர்ந்து கிடைக்கும். பக்கத்து சீட்டுக்காரர்களுக்கும் சேர்த்து நாலைந்தாக எடுத்துப் போவது நல்லது, நிச்சயம் கேட்பார்கள்.