‘ஒருமனதாக’ என்று எழுதுவதற்கு முன்: கூட்டக் குறிப்பு பற்றிய கேள்வி பதில்

மினிட் புத்தகம் (கூட்டக் குறிப்பேடு) எழுதுவது, கூட்டத்தை ஒழுங்காக நடத்துவது பற்றிக் கேள்விகள் கேட்டவர்களில் நலச்சங்கக்காரர்கள், மகளிர் குழுவினர், கிராமசபைக்குப் போகிறவர்கள் என்று எல்லோரும் இருக்கிறீர்கள். பல வருடம் சங்கச் செயலாளராக இருந்த பழக்கத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

குடியிருப்போர் நலச்சங்கத்துக்குப் புதிதாகச் செயலாளர் ஆகியிருக்கிறேன், சார். ஆழ்துளைக் கிணறு போடுவதா, லாரித் தண்ணீரே போதுமா என்று இரண்டு மணி நேரம் வாக்குவாதம். யார் என்ன பேசினார்கள் என்று எழுதியதில் ஒன்பது பக்கம் வந்துவிட்டது. இவ்வளவும் வேண்டுமா?

வேண்டாம். பேச்சு முழுவதும் மினிட்டில் வர வேண்டியதில்லை, முடிவு வந்தால் போதும். மக்களவையிலேயே இரண்டு தனித்தனிப் பதிவுகள் உண்டு. உறுப்பினர்கள் பேசியது சொல்லுக்குச் சொல் விவாதப் பதிவாக வரும். அன்றைக்கு அவையில் என்ன நடவடிக்கை நடந்தது என்பது ‘புல்லட்டின் பகுதி 1’ல் சுருக்கமாக வரும். உங்கள் புத்தகம் இந்த இரண்டாவது வகை.

தேதி, இடம், தொடங்கிய நேரம், தலைமை தாங்கியவர், வந்தவர்கள் கையெழுத்து, அறிவிப்பு அனுப்பிய நாள் ஆகியவற்றை எழுதிவிட்டு, அந்த ஒன்பது பக்கத்தை இப்படிச் சுருக்கலாம்:

“பொருள் 3: தண்ணீர்ப் பற்றாக்குறை. ஏ பிளாக் பின்புறம் ஆழ்துளைக் கிணறு அமைப்பது பற்றி விவாதிக்கப்பட்டது. செலவு, உப்புநீர் வருமோ என்ற ஐயம் குறித்துச் சில உறுப்பினர்கள் கருத்துத் தெரிவித்தனர். தீர்மானம்: மூன்று இடங்களில் விலைப்புள்ளி பெற்று, நீர்ப் பரிசோதனை அறிக்கையுடன் அடுத்த கூட்டத்தில் வைப்பது. பொறுப்பு: துணைச் செயலாளர். கெடு: 30 நாள். ஆதரவு 14, எதிர்ப்பு 5, நடுநிலை 2. தீர்மானம் நிறைவேறியது.”

இதோடு முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயரும் சேர்ந்தால் சரி. அன்றைக்கு வராத ஒருவர் படித்தாலும் யார், எதை, எப்போதைக்குள் செய்ய வேண்டும் என்று புரிய வேண்டும். ‘விரைவில் தக்க நடவடிக்கை எடுப்பது’ என்று எழுதினால் ஒன்றுமே முடிவாகவில்லை என்றுதான் பொருள்.

இன்னொன்றை நான் விடாமல் வற்புறுத்துவேன். வாக்கெடுப்புக்கு முன்னால் தீர்மானத்தின் வாசகத்தை எழுதி, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்துவிடுங்கள். ‘நான் கையைத் தூக்கியது இதுக்கில்லையே’ என்ற சண்டை பாதிக்குப் பாதி குறைந்துவிடும்.

சங்கப் பொருளாளர் நான். வைப்புத்தொகையை எடுத்துச் செலவழிப்பதை எதிர்த்துப் பேசினேன், வாக்கும் அளித்தேன். மினிட்டில் ‘ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது’ என்று இருக்கிறது. ‘வழக்கமா அப்படித்தானே எழுதுவோம்’ என்கிறார் செயலாளர்.

வழக்கம்தான், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஒருவர் எதிர்த்தாலும் அது ஒருமனதான தீர்மானம் ஆகாது. அது ‘பெரும்பான்மையால் நிறைவேறியது’. நாளைக்குத் தணிக்கையாளரோ நீதிமன்றமோ கேட்டால், நீங்கள் எதிர்த்தீர்கள் என்பதற்குச் சாட்சி சொல்ல அந்தப் பக்கம்தான் இருக்கும்.

இப்போதே செயலாளருக்கும் தலைவருக்கும் கடிதம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அடுத்த கூட்டத்தின் முதல் பொருள் பெரும்பாலும் ‘முந்தைய கூட்டக் குறிப்பை உறுதி செய்தல்’ என்றுதான் இருக்கும். திருத்தம் கேட்க வேண்டிய இடம் அதுதான். “தீர்மானம் 4ல் ‘ஒருமனதாக’ என்பதை நீக்கி, ‘பொருளாளரின் எதிர்ப்புடன் பெரும்பான்மையால்’ என்று திருத்த வேண்டும்” என்று நேராகச் சொல்லுங்கள். அவர்கள் மறுத்தால், திருத்தம் கேட்டதையும் மறுத்ததையும் அன்றைய குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.

அந்த நேரத்தில் பணத்தை எடுக்கலாமா கூடாதா என்ற பழைய விவாதத்துக்குள் மட்டும் போய்விடாதீர்கள். உறுதி செய்தல் என்பது, நடந்ததைச் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பதற்கு மட்டும். முடிவை மாற்ற வேண்டுமென்றால் அதற்குத் தனிப் பொருள் வைக்க வேண்டும்.

தப்பாக எழுதியதை ஒயிட்னர் போட்டு மாற்றலாமா?

கூடாது. அடியில் உள்ளது தெரியும்படி ஒற்றைக் கோடு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கூட்டத் தலைவர் சுருக்கொப்பம் (இனிஷியல்) போட வேண்டும்.

தலைவர் தீர்மானங்களுக்கு நடுவில் நாலைந்து வரி இடம் விடச் சொல்கிறார். ‘விட்டுப்போனதை அப்புறம் சேர்த்துக்கலாம்’ என்கிறார்.

விடாதீர்கள், தம்பி. கூட்டத்தில் பேசாத தீர்மானம் புத்தகத்துக்குள் நுழைவது அந்த நாலு வரி வழியாகத்தான். கடைசித் தீர்மானத்துக்கும் தலைவர் கையெழுத்துக்கும் இடையில் இடம் மிஞ்சினால் குறுக்குக் கோடு போட்டு அடைத்துவிடுங்கள். பக்கங்களுக்கு முதலிலேயே தொடர் எண் போடுங்கள், தாளை ஒட்டாதீர்கள்.

கம்பெனிகளுக்கு இதெல்லாம் சட்டக் கட்டாயம். கம்பெனிகள் சட்டம் 2013ன் பிரிவு 118 கூட்டம் முடிந்த 30 நாளுக்குள் மினிட் எழுதிவிட வேண்டும் என்கிறது. மினிட்டைத் திருத்தி மோசடி செய்தால் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. உங்கள் சங்கம் அந்தச் சட்டத்தில் வராது. இருந்தாலும் அதே ஒழுங்கை வைத்துக்கொள்வதற்கு ஒரு பைசா செலவில்லை.

சார், எங்கள் மகளிர் குழுவின் கடன் மனுவை வங்கியில் திருப்பிவிட்டார்கள். தீர்மானம் சரியில்லையாம். ‘கடன் வாங்க முடிவு செய்யப்பட்டது’ என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டோமே?

அந்த ஒரு வரியை வைத்து வங்கி பணம் கொடுக்க முடியாது, அம்மா. எந்த வங்கி, எந்தக் கிளை, எவ்வளவு தொகை (எண்ணிலும் எழுத்திலும்), எதற்காக, யார் யாருக்கு எவ்வளவு, எத்தனை தவணை, குழுவின் சார்பில் ஆவணங்களில் கையெழுத்துப் போட யாருக்கு அதிகாரம் என்று எல்லாம் தீர்மானத்திலேயே வர வேண்டும். ஊக்குநர், பிரதிநிதிகள் பெயரைக் கணக்குப் புத்தகத்தில் உள்ளபடியே எழுதுங்கள். கூட்டத்துக்கு வராதவருக்காக இன்னொருவர் கையெழுத்துப் போட வேண்டாம். இன்னொரு கூட்டம் கூட்டிப் புதிதாகத் தீர்மானம் போடுங்கள்; பழையதற்குள் இடைச்செருகல் வேண்டாம்.

தொடங்கும்போது கோரம் (கூட்டம் நடத்தக் குறைந்தபட்சம் இருக்க வேண்டிய உறுப்பினர் எண்ணிக்கை) இருந்தது. பாதியில் பலர் எழுந்து போய்விட்டார்கள். அதன்பின் போட்ட தீர்மானம் செல்லுமா?

முதலில் உங்கள் துணைவிதியை, அதாவது சங்கத்தின் சொந்த விதிகளைப் பாருங்கள். பொதுவான நெறி என்னவென்றால், முடிவெடுக்கும் நேரத்திலும் கோரம் இருக்க வேண்டும். சட்டமன்றத்துக்கு அரசியலமைப்பின் 189வது பிரிவு பத்துப் பேர் அல்லது மொத்த உறுப்பினரில் பத்தில் ஒரு பங்கு, இதில் எது அதிகமோ அதைக் குறைந்தபட்சமாக வைக்கிறது. 234 பேர் கொண்ட தமிழகச் சட்டமன்றத்துக்கு அது 24. நடுவில் அந்த எண்ணிக்கை குறைந்தாலும் பேரவைத் தலைவர் அவையை ஒத்திவைக்க வேண்டும், அல்லது கோரம் சேரும்வரை நிறுத்திவைக்க வேண்டும். நீங்களும் ‘மாலை 6.40க்கு கோரம் குறைந்ததால் பொருள் 5 முதல் ஒத்திவைக்கப்பட்டது’ என்று எழுதி முடித்துவிடுங்கள்.

வாக்கு சரிபாதியாக விழுந்தால் தலைவர் இரண்டாவது வாக்குப் போடலாமா?

துணைவிதி அனுமதித்தால் மட்டும். சட்டமன்றத்தில் பேரவைத் தலைவர் முதலில் வாக்களிப்பதில்லை. சமமானால்தான் அவர் வாக்கு. துணைவிதியில் ஒன்றும் இல்லையென்றால் பெரும்பான்மை கிடைக்கவில்லை, தீர்மானம் தோற்றது.

கூட்டத்தில் ஒருவர் பேசியதை ‘குறிப்பிலிருந்து நீக்கு’ என்கிறார் தலைவர். சட்டமன்றத்தில் அப்படித்தானே செய்கிறார்களாம்?

அவதூறான, ஆபாசமான, நாகரிகக் குறைவான சொற்களை நீக்கத்தான் அந்த அதிகாரம். மக்களவை விதி 380 அதைத்தான் சொல்கிறது. ஒருவர் திட்டிய சொல்லை நீங்கள் முதலிலேயே எழுதத் தேவையில்லை. ஆனால் ‘வரவு செலவுக் கணக்கைக் காட்டுங்கள்’ என்று ஓர் உறுப்பினர் கேட்டதைத் தலைவருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக எடுக்கக் கூடாது. அப்படிக் கேட்பது அந்த உறுப்பினரின் உரிமை.

எங்கள் ஊர்க் கிராமசபையில் முதலிலேயே கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். நாங்கள் கேட்ட தீர்மானம் புத்தகத்தில் ஏறியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வருகைக்குக் கையெழுத்து வாங்குவது சரிதான். கூட்டம் கலைவதற்கு முன்னால் ‘தீர்மானங்களை ஒருமுறை வாசியுங்கள்’ என்று நாலு பேர் எழுந்து கேளுங்கள். உங்கள் கோரிக்கையை வாயால் சொல்வதோடு நிறுத்தாமல், தீர்மான வாசகமாகவே எழுதித் தலைவரிடம் கொடுங்கள். ஒரு நகலில் ஒப்புதல் வாங்குங்கள்.

அப்படியும் சந்தேகம் இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ன் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு ஊராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனுப் போடுங்கள். கூட்டத் தேதியைக் குறிப்பிட்டு, தீர்மானப் பக்கங்கள், வருகைக் கையெழுத்துப் பக்கங்கள் இரண்டின் நகலையும் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தமிழகத்தில் கிராமசபைக்குக் கோரம் ஊராட்சியின் மக்கள்தொகையைப் பொறுத்தது: 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. நகல் வந்ததும் முதலில் கையெழுத்துகளை எண்ணிப் பாருங்கள், அப்புறம் உங்கள் தீர்மானத்தைத் தேடுங்கள்.