ஒழுங்கீனத்துக்காக அமெரிக்க ராணுவத்திலிருந்து அனுப்பப்பட்டவர், விடுவிப்புத் தரத்தை உயர்த்திக்கொள்ள முடியுமா?

முடியும். ஆனால் 'ஆறு மாதம் போனால் தானே மாறிவிடும்' என்று காலங்காலமாகச் சொல்லப்படுவது வெறும் புரளி. விண்ணப்பித்தே ஆக வேண்டும்.

விடுவிப்பின் தரமும் (கௌரவமானதா, கௌரவக் குறைவானதா என்பது) காரணமும், பணியிலிருந்து வெளிவரும்போது தரும் டிடி 214 படிவத்தில் இருக்கும். வெளிவந்து 15 ஆண்டுக்குள் என்றால் டிடி 293 படிவத்தை நிரப்பி விடுவிப்பு மறுஆய்வு வாரியத்துக்கு அனுப்பலாம். கெடு தாண்டியிருந்தாலோ, ஜெனரல் கோர்ட் மார்ஷல் (கடுமையான குற்றங்களை விசாரிக்கும் ராணுவ நீதிமன்றம்) தீர்ப்பில் வெளியேற்றப்பட்டிருந்தாலோ டிடி 149 படிவம். அது பதிவேடுகளைத் திருத்தும் வாரியத்துக்குப் போகும். அங்கே பதிவில் உள்ள பிழை தெரியவந்ததிலிருந்து 3 ஆண்டுக் கெடு, நியாயம் இருந்தால் தளர்த்துவார்கள்.

சரி, என்ன எழுதுவது? 'இப்போது திருந்திவிட்டேன்' என்பது உதவும், ஆனால் அது மட்டும் போதாது. அன்றைய நடவடிக்கை விதிப்படி நடந்ததா, கொடுத்த தரம் நியாயமானதா என்பதைத்தான் வாரியம் பார்க்கும். ஈராக்கிலிருந்து திரும்பியவர் தூக்கமில்லாமல் தவித்து, கஞ்சா புகைத்து, சிறுநீர்ச் சோதனையில் சிக்கினார் என்று வைத்துக்கொள்வோம். போர் அதிர்ச்சியால் வரும் மனநோயைத் தாராளமாகக் கணக்கில் எடுக்கும்படி 2014-இல் பாதுகாப்புத் துறை உத்தரவிட்டது. 2017-இல் மூளைக்காயம், பாலியல் தாக்குதல் போன்றவற்றுக்கும் அதைத் தெளிவுபடுத்தினார்கள். ஆக, அந்த நோய் பணிக்காலத்திலேயே இருந்தது, தவறு அதனால் நேர்ந்தது என்று காட்ட வேண்டும். மருத்துவக் குறிப்பும், கூட இருந்த சிப்பாய் நேரில் கண்டதை எழுதிய கடிதமும் நாலு பக்கக் கண்ணீர்க் கதையைவிடப் பலமானவை.

அப்புறம் ஒன்று: தரம் மாறும்வரை காத்திருக்காமல் முன்னாள் படைவீரர் துறையிலும் விண்ணப்பியுங்கள். சலுகைத் தகுதியை அவர்கள் தனியாகவே முடிவு செய்கிறார்கள்.