பெட்டிக்குக் காவலாக அம்மா

கேள்வி: 4 வருடம் சேமித்து, ஜூலையில் அம்மா, மனைவி, மகனோடு இத்தாலி போனேன். மிலானிலிருந்து வெனிசுக்கு ஒரு பகல். எல்லோரும் சொர்க்கம் என்று சொன்ன ஊரில் நான் கண்டது நெரிசலும் கால்வாய் வாடையும்தான். அம்மாவுக்கு முட்டி வலி என்பதால் ரயில் நிலையத்தில் பெட்டிகளோடு உட்காரவைத்துவிட்டு, நாங்கள் 4 மணி நேரம் சுற்றினோம். கொண்டோலா படகில் அரை மணிக்கு 90 யூரோ போனதுதான் மிச்சம். அடுத்து போகவிருக்கும் மைத்துனரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?
- கோவை வாசகர்

பதில்: பாரிஸ் ஏமாற்றிவிட்டது, ரோம் ஏமாற்றிவிட்டது என்று எத்தனையோ கடிதங்கள் பார்த்துவிட்டேன். ஊரைப் பற்றி அப்புறம் பேசலாம். உங்கள் கடிதத்தில் அம்மா ஒரே ஒரு வரியில் வந்துபோகிறார். எனக்கு அந்த வரியைத் தாண்ட முடியவில்லை.

வெனிஸில் 400க்கும் மேற்பட்ட பாலங்கள். பெரும்பாலும் எல்லாமே படிகள். காரோ ஆட்டோவோ உள்ளே வராது. முட்டி வலிக்காரரை அங்கே அழைத்துப்போகிறவர் இதைக் கிளம்புமுன் விசாரித்திருக்க வேண்டாமா? விசாரித்திருந்தால் வழியும் தெரிந்திருக்கும். சாந்தா லூச்சியா நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே பெருங்கால்வாய், அங்கேயே படகு நிறுத்தம். 1ஆம் எண் வேப்பொரெத்தோ என்பது அந்த ஊர் டவுன் பஸ் மாதிரி. ஏறி உட்கார்ந்தால் இருபுறமும் பழைய மாளிகைகள், 1591இல் கட்டி முடித்த ரியால்தோ பாலம், முக்கால் மணியில் ஊரின் பெரிய சதுக்கம் சான் மார்கோ. வல்லரெஸ்ஸோ நிறுத்தத்தில் இறங்கினால் சதுக்கம்வரை பாலம் ஏறாமலே போகலாம். டிக்கெட் 10 யூரோவுக்குள். பெட்டிகளா? அதே நிலையத்தில் காசு வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்ளும் இடம் இருக்கிறது. அந்தக் காசை மிச்சம் பிடித்து, பெற்றவளைக் காவலுக்கு வைத்தீர்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது, மறைக்க விரும்பவில்லை. அம்மாவைக் கூட்டிப்போனால் அவர் கால் நடக்கிற தூரம்தான் அன்றைய ஊர். அது போதாது என்றால் தனியாகப் போயிருக்கலாம்.

சரி, வாடை. கோடையில் நீர் வற்றும் நேரத்தில் வரும். நெரிசல் உங்களைப் போல ஒரு பகலுக்கு வருகிறவர்களால். 1950களில் வெனிஸ் தீவுகளில் சுமார் 1,75,000 பேர் குடியிருந்தார்கள், இன்று 50,000கூட இல்லை. பகல் பயணிகளிடம் சில நாட்களில் கட்டணம் வாங்குவதை 2024இல்தான் தொடங்கினார்கள். சாயங்காலம் அவர்கள் ரயிலேறிய பிறகு சந்துகள் அமைதியாகிவிடும். மைத்துனரை ஒரு இரவு தங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நீங்கள் இன்று ராத்திரி அம்மா பக்கத்தில் உட்காருங்கள். பாஷை தெரியாத அந்த இடத்தில் 4 மணி நேரம் தண்ணீருக்கு என்ன செய்தார், பெட்டிகளை யாரிடம் விட்டுவிட்டுக் கழிவறைக்குப் போனார் என்று கேளுங்கள். போகவே இல்லை என்பார் என்றுதான் நினைக்கிறேன்.