மாதவிலக்கின்போது நுரையீரல் சுருங்குவது பற்றி

சகோதரி, மாதவிலக்கு தொடங்கிய மறுநாளே வலது நுரையீரல் இருமுறை காற்றுக் கசிந்து சுருங்கியதாகவும், சி.டி. ஸ்கேனில் ஒன்றும் தெரியாததால் தற்செயல் என்று சொல்லி அனுப்பிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இதை அப்படியே விட்டுவிடாதீர்கள். மாதவிலக்கு தொடங்கி 72 மணி நேரத்துக்குள், அதிலும் வலப்பக்கத்தில், இது மீண்டும் நேர்ந்தால் மார்பறை எண்டோமெட்ரியோசிஸைச் சந்தேகித்தே ஆக வேண்டும். இந்நோயில், கருப்பை உட்படலத்தை ஒத்த திசு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தில் படிந்து துளைகளை உண்டாக்கக்கூடும். அவை மிகச் சிறியவையாக இருக்கும் என்பதால், ஸ்கேன் சரியாக இருப்பதைக் கொண்டு நோய் இல்லை என்று முடிவுகட்ட இயலாது.

எம்.ஆர்.ஐ. எடுப்பதானால் மாதவிலக்கு நாட்களிலேயே எடுக்க முடியுமா என்று கேளுங்கள். நோயை உறுதிப்படுத்த மிக நம்பகமான வழி, வீடியோ கேமரா உதவியுடன் செய்யப்படும் மார்பறை அறுவைதான். நுரையீரலின் உச்சியிலுள்ள காற்றுக் குமிழிகளை மட்டும் தேடிவிட்டு முடித்துக்கொண்டால் உதரவிதானம் கவனத்துக்கு வராமலே போய்விடும் என்பதால், அதை முழுமையாகப் பார்த்து, பழுப்பு அல்லது ஊதா நிறப் புள்ளிகள் தென்பட்டால் திசு எடுத்து, ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோன்களின் ஏற்பிகளுக்கான சோதனைக்கு அனுப்புமாறு அறுவை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். மகளிர் நோய் மருத்துவரும் உடனிருந்து திட்டமிடுவது நல்லது.

அதுவரை நெஞ்சுவலி, வலது தோள்வலி, இருமலில் இரத்தம் ஆகியவற்றை மாதவிலக்குத் தேதியோடு சேர்த்துக் குறித்துவையுங்கள். திடீரென்று மூச்சுத் திணறினால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.