சூப்பர்சா போட்டும் ஏன் ட்ரான்ஸ் ஆகவில்லை?

கேள்வி: 138 பிபிஎம் (நிமிடத்துக்கு 138 பீட்), சூப்பர்சா என்ற தடித்த சிந்தசைசர் ஒலியில் லீட் மெலடி, பெரிய ரிவெர்ப் (அறை முழக்கம் போன்ற ஒலி நீட்சி) எல்லாம் வைத்து மூன்றரை நிமிடத்தில் ஒரு டிராக் முடித்திருக்கிறேன். கேட்டவர்கள் "நல்லா இருக்கு, ஆனா இது ஈடிஎம், ட்ரான்ஸ் இல்லை" என்கிறார்கள். ட்ரான்ஸ் என்ற மின்னணு நடன இசை வகைக்கு அடையாளம் எது? என் டிராக்கில் எதை மாற்ற வேண்டும்?

பதில்: நீங்கள் எழுதிய "மூன்றரை நிமிடம்" என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. 138 பிபிஎம்மில் ஒரு பீட் 435 மில்லி செகண்ட், நான்கு பீட் சேர்ந்த ஒரு பார் 1.74 செகண்ட். மூன்றரை நிமிடத்தில் 120 பார்தான் அடங்கும். ட்ரான்ஸ் டிராக்கின் முழு வடிவம் பெரும்பாலும் ஏழெட்டு நிமிடம், 240 பார் அளவு. ஒரு மெலடியைத் துண்டு துண்டாகக் காட்டி, காக்க வைத்து, கடைசியில் முழுதாகக் கொட்டிக் கொடுக்க அவ்வளவு நேரம் தேவைப்படுகிறது.

இன்னொரு சோதனை இருக்கிறது, அதுதான் முக்கியம். உங்கள் பிரேக்டவுன் (கிக் டிரம் நின்று மெலடி மிதக்கும் பகுதி) முடிந்து கிக் திரும்பும் இடத்தைக் கேளுங்கள். அங்கே மெலடி நின்று, புதிதாக ஒரு பாஸ் ரிஃப் வந்து இடிக்கிறதா? அப்படியானால் அது டிராப். ஈடிஎம் என்று சொன்னவர்கள் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்கள். ட்ரான்ஸில், கிக் இல்லாமல் மிதந்துகொண்டிருந்த அதே மெலடி கிக்கின் மேல் ஏறி வர வேண்டும். ஏற்கெனவே மனதில் பதிந்துவிட்டது முழு பலத்தோடு திரும்பும்போதுதான் அந்தச் சிலிர்ப்பு வரும்.

சூப்பர்சா பின்னால் வந்து சேர்ந்தது. 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியில், குறிப்பாக ஃபிராங்க்ஃபர்ட்டில், டெக்னோவிலிருந்து ட்ரான்ஸ் கிளைத்தது. ஜாம் அண்ட் ஸ்பூன் இரட்டையர் 'தி ஏஜ் ஆஃப் லவ்' டிராக்குக்குச் செய்த ரீமிக்ஸ் 1992ஐச் சேர்ந்தது. ஏழு சா-டூத் (ரம்பப்பல் வடிவ) அலைகளைச் சற்றே சுருதி விலக்கி அடுக்கும் சூப்பர்சா, அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில் ரோலண்ட் ஜேபி-8000 சிந்தசைசரோடுதான் வந்தது. வேகமும் ஒன்றல்ல: புரோகிரசிவ் ட்ரான்ஸ் 130ஐ ஒட்டி, அப்லிஃப்டிங் 136 முதல் 140 வரை, கோவாவின் அஞ்சுனா பக்கத்துக் கடற்கரை விருந்துகளில் வேர்விட்ட சைட்ரான்ஸ் பெரும்பாலும் 140க்கு மேல். நீங்கள் செய்ய நினைப்பது அப்லிஃப்டிங் என்பதால் மீதியை அதற்கே சொல்கிறோம்.

பாஸிலிருந்து தொடங்குங்கள். ஒரு பீட்டை "தகதிமி" என்று சொல்லிப் பாருங்கள். 'த' கிக்குக்கு. பாஸ் 'க', 'தி', 'மி' மூன்றில் மட்டும். ஓப்பன் ஹை-ஹேட் (சிம்பல் ஒலி) 'தி'யில். டிராக்கை முன்னால் தள்ளும் அந்த உருட்டல் இதிலிருந்துதான் வருகிறது. 'த'விலும் பாஸ் வைத்தால் இரண்டின் அடி அதிர்வெண்களும் மோதி, கிக் பஞ்சுமூட்டை போலாகிவிடும். பலர் பாஸைச் சரியாக வைத்துவிட்டுக் கிக்கின் வாலில் தவறுவார்கள். ஒவ்வொரு கால் பீட்டும் 109 மில்லி செகண்ட்தான். கிக்கின் அடி ஒலி 200 மில்லி செகண்ட் நீண்டால் 'க'வின் மேல் விழுந்துவிடும். அதை 110க்குப் பக்கத்தில் ஒடுக்குங்கள்; பாஸ் நோட்டுகளை 80-90க்குள் வையுங்கள். இதைச் செய்தபின் சைட்செயினில் (கிக் விழும்போது பாஸைத் தானாகத் தணிப்பது) 3-4 டெசிபல் இறக்கினாலே போதும். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழ் எல்லாம் மோனோவாக (இரு பக்கமும் ஒரே ஒலியாக) இருக்கட்டும்.

அடுத்து மெலடி. அப்லிஃப்டிங் ட்ரான்ஸ் பெரும்பாலும் நேச்சுரல் மைனரில் நடக்கும்; ஸ்வரக் கணக்கில் அது நம் நடபைரவி. ஏ மைனர், எஃப் மேஜர், சி மேஜர், ஜி மேஜர் என்று நான்கு கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை) ஆளுக்கு இரண்டு பார் ஓட்டுங்கள். மேலே 'சி' நோட்டை மட்டும் நீளமாகப் பிடியுங்கள். ஏ மைனரின் மேல் அது மூன்றாம் ஸ்வரமாகச் சோகம் தரும். எஃப்பின் மேல் ஐந்தாம் ஸ்வரமாகத் திறந்து கேட்கும். சியில் வீடு வந்து சேரும். ஜியின் மேல் நான்காம் ஸ்வரமாக உரசி, அடுத்த சுற்றுக்கு ஏங்க வைக்கும். நோட்டு அசையவே இல்லை, உணர்ச்சி மட்டும் நான்கு முறை மாறுகிறது. அரை பாருக்கு ஒரு கார்டு மாற்றினால் இதெல்லாம் நடக்க அவகாசமே இருக்காது.

ஒரு மாதிரி அமைப்பு: முதல் 32 பார் கிக், பாஸ், ஹேட். 32 முதல் 64 வரை ஆர்ப்பெஜியோ (கார்டின் நோட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வாசிப்பது), உயர் அதிர்வெண்களை வெட்டும் லோ-பாஸ் ஃபில்டரை மூடி வைத்து. 64 முதல் 96 வரை மெலடியின் முதல் இரண்டு மூன்று நோட்டுகள் மட்டும், தூரத்தில் கேட்பது போல. 96ல் கிக்கை எடுத்துவிட்டு 48 பார் பிரேக்டவுன். 144ல் உச்சம், 64 பார். கடைசி 32 பாரில் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். டிஜே அடுத்த டிராக்கைக் கலக்க அந்த வெறும் கிக் வேண்டும்.

ஆர்ப்பெஜியோவின் லோ-பாஸ் ஃபில்டரைத் திறப்பதில் ஒரு நுணுக்கம். காது அதிர்வெண்ணை இரட்டிப்புகளாகவே உணர்கிறது. 400 ஹெர்ட்ஸில் தொடங்கினால் 8வது பாரில் 800, 16ல் 1600, 24ல் 3200, 32ல் 6400 என்று போக வேண்டும். ஹெர்ட்ஸ் கணக்கில் நேர்கோடு வரைந்தால் முதல் சில பாரிலேயே பெரும்பகுதி திறந்துவிட்டது போலிருக்கும். அப்புறம் காக்க எதுவும் இருக்காது. சில பிளகின்களில் குமிழே இரட்டிப்புக் கணக்கில்தான் நகரும், அங்கே நேர்கோடே சரி.

உச்சம் சப்பென்று இருந்தால் உச்சத்தைச் சத்தமாக்காதீர்கள். பிரேக்டவுன் அதே அளவு பெரிதாக இருப்பதுதான் பெரும்பாலும் காரணம். அதை 3-4 டெசிபல் இறக்குங்கள், 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், கடைசி 8 பாரில் ஸ்டீரியோ அகலத்தைச் சுருக்கிக்கொண்டே போய் கிக் விழும் நொடியில் விரியுங்கள். அதற்கு முந்தைய ஒரு பீட் முழு அமைதி. ரிவெர்ப் பிரேக்டவுனில் 4 செகண்ட் நீளலாம், உச்சத்தில் 1.5க்குக் கொண்டுவராவிட்டால் கிக் அதில் மூழ்கிவிடும். லீடின் டிலே (எதிரொலி இடைவெளி) மூன்று கால் பீட், அதாவது 326 மில்லி செகண்ட்.

இவற்றில் கை வைக்கும் முன் சூப்பர்சாவை மியூட் செய்து, மெலடியைச் சாதாரண பியானோவில் 48 பார் ஓட விடுங்கள். 16வது பாரில் சலித்துவிட்டால் மெலடியைத் திருத்துங்கள், மிக்ஸை அப்புறம் பார்க்கலாம். கடைசிவரை நின்றால் சூப்பர்சாவைத் திரும்பப் போடுங்கள், ஆனால் 144வது பாரில்தான் முழுதாக. மூன்றரை நிமிட வடிவம் வேண்டுமென்றால் நீளமானது முடிந்தபின் அதிலிருந்து வெட்டிக்கொள்ளலாம்.