அந்த விசில் அவருடையதல்ல

அன்புள்ள ஐயா,

'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய்' படத்தைச் சென்ற வாரம் பார்த்தேன். அந்த விசில் மெட்டு ஒன்றுக்காகவே மால்கம் ஆர்னால்டுக்கு ஆஸ்கர் கொடுத்தது தகும். அவர் ஒன்பது சிம்பொனிகளும் எழுதியிருக்கிறாராமே? சினிமாக்காரருக்கு அந்த வேலை எதற்கு என்று தோன்றினாலும், ஒன்றைக் கேட்டுப்பார்க்க ஆசை. எந்த ஒலிப்பதிவில் தொடங்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்தபோது ஆர்னால்டின் ஐந்தாம் சிம்பொனியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆகவே பதில் நீளும். சற்றுக் கடிந்தும் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த விசில் மெட்டு அவருடையதல்ல. ராணுவ பேண்டு மாஸ்டர் ரிக்கெட்ஸ், கென்னத் ஆல்ஃபோர்ட் என்ற புனைபெயரில் 1914இல் வெளியிட்ட 'கர்னல் போகி' என்னும் அணிவகுப்பு இசை அது. போர்க்கைதிகள் அதை விசிலடித்தபடி முகாமுக்குள் நடந்துவருகையில், கூடவே வந்து சேர்ந்துகொள்கிறதே வாத்தியக்குழுவின் இன்னொரு மெட்டு, அதுதான் ஆர்னால்டு எழுதியது. பிறருடைய மெட்டின் இண்டு இடுக்குகளில் பொருந்தி, தனியே பிரித்து வாசித்தாலும் தன் காலில் நிற்கும் ஒன்றை எழுதுவது எளிதென்று நினைக்கிறீர்களா? படம் முழுவதற்கும் இசை எழுத அவருக்குக் கிடைத்தது பத்தே நாட்கள். மறுபடி பாருங்கள், விசிலை விட்டுவிட்டு, மற்றதற்குக் காது கொடுங்கள்.

உங்களைக் கடிந்துகொள்ளும் தகுதி எனக்கும் இல்லைதான். என் பெரியப்பா மலாயா ரப்பர் தோட்டத்திலிருந்து, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டு, உயிரோடு திரும்பியவர். பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் மாண்ட அந்தப் பாதையைப் பற்றி, இலங்கையின் கித்துல்கலவில் எடுக்கப்பட்ட இந்தப் படத்துக்கு அவரை நான்தான் அழைத்துப்போனேன். விசில் தொடங்கியதும் எழுந்து வெளியே போய்விட்டார். இரவு சோற்றைப் பிசைந்தபடி, "விசிலடிக்க அங்கே எவன் உதட்டில் ஈரம் இருந்தது?" என்று மட்டும் கேட்டார். அதன்பின் இருபது ஆண்டுகள் ஆர்னால்டு பெயர் போட்ட இசைத்தட்டு எதையும் நான் தொடவில்லை. அடுத்தவர் மெட்டுக்காக நீங்கள் அவரைப் புகழ்கிறீர்கள். அதே மெட்டுக்காக நான் அவரை வெறுத்தேன்.

சினிமாக்காரருக்குச் சிம்பொனி எதற்கு என்ற கேள்வியை விட்டுவிடுகிறேன். லண்டன் பில்ஹார்மோனிக் வாத்தியக்குழுவில் முதன்மை டிரம்பெட் வாசித்தவரைப் பற்றிய கேள்வி அது, அவ்வளவுதான்.

ஐந்தாவதை அவர் எழுதி முடித்தது 1961இல். ஹார்ன் கலைஞர் டென்னிஸ் பிரெய்ன், கிளாரினெட் கலைஞர் ஃபிரெடெரிக் தர்ஸ்டன், கேலிச்சித்திரக்காரர் ஜெரார்டு ஹாஃப்நங் என்று அகாலத்தில் போய்விட்ட நண்பர்களின் நினைவு அதில் இருக்கிறது. இரண்டாம் பகுதியின் மெட்டு, நீங்கள் சினிமாத்தனம் என்று சொல்லக்கூடிய அளவுக்கு இனிப்பானது. இறுதிப் பகுதியின் முடிவில் அதே மெட்டு முழு வாத்தியக்குழுவோடு பொங்கி எழும்போது, வெற்றி முழக்கத்தோடு முடியப்போகிறது என்று நிமிர்ந்து உட்காருவோம். அந்தக் கணத்தில் எல்லாம் சரிந்து, மணியோசை மட்டும் தேய்ந்துகொண்டே போகும். சரிவதற்காகவே அந்த இனிப்பை அவர் அங்கே வைத்திருக்கிறார். படங்களுக்கு எழுதிப் பழகிய கைக்குத்தான் அது கூடும்.

1970களில் பர்மிங்காம் நகர சிம்பொனி வாத்தியக்குழுவை அவரே நடத்திப் பதிவுசெய்ததை வாங்குங்கள். கடைசி மணிகள் மிக மெதுவானவை. முடிந்துவிட்டதென்று எண்ணி அணைத்துவிடாதீர்கள்.