மத நூலின் மீது கைவைத்துப் பதவியேற்கலாமா?

சட்டமன்ற உறுப்பினர் தம் மத நூலின் மீது கைவைத்து உறுதியேற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னைக் கோட்டையில் பதவியேற்பவருக்கு அரசமைப்புச் சட்டத்தின் 188ஆவது கூறும் மூன்றாம் அட்டவணையும் விதித்திருப்பது ஒரு வாசகத்தை மட்டுமே. நூல் எதையும் அவ்விரண்டும் கேட்பதில்லை. அந்த வாசகத்தை ‘கடவுளின் பெயரால்’ என்று சொல்வதா, ‘உளமார உறுதி கூறுகிறேன்’ என்று சொல்வதா என்பது அவரவர் விருப்பம். 2021 மே 7 அன்று கிண்டி ஆளுநர் மாளிகையில், ‘முத்துவேல் கருணாநிதி ஸ்டாலின் எனும் நான்’ என்று தொடங்கி முதலமைச்சராகப் பொறுப்பேற்றவர் ‘உளமார’ என்றே சொன்னார்.

கையில் நூலை ஏந்தக் கூடாது என்றும் அட்டவணையில் வரி கிடையாது; ஆனால் ஏந்துவதால் உறுதிமொழியின் சட்டவலு கூடிவிடாது. வாசகத்தையே மாற்றினால்தான், என் கருத்தில், சிக்கல்: உரியபடி உறுதியேற்காமல் அவையில் அமர்பவருக்கு 193ஆவது கூறு நாளொன்றுக்கு 500 ரூபாய் தண்டம் விதிக்கிறது (இன்றைய விலைவாசியில் அது பெரிய தொகையல்ல என்பது வேறு விஷயம்).

அமெரிக்காவில் 2007இல் நாடாளுமன்றப் பிரதிநிதிகள் அவை உறுப்பினரான கீத் எல்லிசன், முன்னாள் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சனுக்குச் சொந்தமாயிருந்த குர்ஆன் பிரதியைப் பயன்படுத்தியது பெரிய விவாதமானது. உண்மையில் சட்டப்படியான உறுதியேற்பு அவையில் எல்லா உறுப்பினர்களோடும் கூட்டாக முடிந்திருந்தது. குர்ஆன் வந்தது அதன்பின் புகைப்படத்துக்காக நடந்த சடங்கில்தான்.